மாப்பிள்ளைமார் ஸ்கோர் எழுதலாம்

தாராவி, தொண்ணூறு அடி ரோடு,
மும்பை.
23.3.2025, ஞாயிறு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர், செந்தட்டிவிளை இளைஞர் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர், பொன்விழா மலரின் ஆசிரியர் திரு. காசிராஜன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் பிரம்மநாயகம் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கை தங்கமயிலும் மகன் ராஜகுமாரும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்று பொதுவாகச் சொல்கிறேனே தவிர, என் இடது முழங்காலை அதில் சேர்க்க வேண்டாம். அதற்கு என்ன ஆயிற்று என்பது கடிதத்தின் பின்பாதியில் வரும். அங்கே நீங்களும் தங்கச்சி மகேஸ்வரியும் பிள்ளைகளும், மைதானத்தில் மேய்கிற ஆடுகளும் சுகம்தானே?

போன மாதம் நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய செய்தி கிடைத்தது. வருகிற வைகாசி அம்மன் கோயில் கொடையோடு கழகத்துக்கு ஐம்பது வயது நிறைகிறது, பொன்விழா மலர் போடுகிறோம், கொடைக்கு மறுநாள் ஊர்க்காரர்களுக்கும் பம்பாய்க்காரர்களுக்கும் பொன்விழா ஆட்டம், மைதானத்து வாசலில் கல்வெட்டு, அதில் ‘நிறுவனர்’ என்று செதுக்கிவிட்டு அதற்குப் பக்கத்தில் இடம் விட்டு ஆசாரி உளியோடு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, கழகம் தோன்றிய வரலாற்றையும் நான்கு பக்கத்தில் எழுதி அனுப்பவும் என்று சொல்லியிருந்தீர்கள். ‘உங்களுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், ரிட்டயர் ஆகிச் சும்மாதான இருக்கிய’ என்று கடைசியில் சேர்த்திருந்ததையும் கேட்டேன். சும்மாதான் இருந்தேன். இந்த ஒரு மாதமாக இல்லை.

நான் தகர டப்பாத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவதுதான் வேலை. ஒரு ஆள் வெளியே போனதாக எழுதியிருந்து, உள்ளே வந்ததாக எழுதாமல் இருந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. அவன் எப்படி வந்தான், சுவர் ஏறிக் குதித்தானா, நேற்றே வந்து படுத்திருந்தானா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டால்தான் தூக்கம் வரும். உங்கள் கழகமே அப்படிப்பட்ட ஒரு ஆள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

‘உங்கள் கழகம்’ என்று எழுதுகிறேன், ‘நம் கழகம்’ என்று எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். உங்கள் தங்கையைக் கட்டி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. நாற்பத்தொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் சயான் பக்கத்து மைதானத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் ஊர்க்காரர்கள் எடுத்த ஒவ்வொரு ரன்னையும் எழுதியிருக்கிறேன். எடுக்காத ரன்னையும் எழுதச் சொல்வார்கள், எழுதியதில்லை. ஒரே மைதானத்தில் எட்டு ஆட்டம் ஒன்றுக்குள் ஒன்று நடக்கும், நம் ஆளுக்குப் பக்கத்தில் குஜராத்திக்காரர்களின் விக்கெட் கீப்பர் நிற்பார், ஒரு தடவை நம் ஆள் அடித்த பந்தை வேறொரு ஆட்டத்தின் ஆள் பிடித்து, அவுட்டா இல்லையா என்று நான்கு மொழியில் சண்டை வந்தபோது, ‘பிடித்தவர்: பெயர் தெரியவில்லை, பச்சைச் சட்டை’ என்று எழுதி வைத்தவன் நான். இவ்வளவு எழுதியும், பதினோரு பேரில் ஒருவனாக என் பெயரை எழுதிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய்க்கவில்லை. ஊர்க்காரன்தான் ஆடலாம், மாப்பிள்ளை ஊர்க்காரன் ஆக மாட்டான் என்பது சட்டம். தாராவியில் கேட்டால், ‘அது ஊர்ச் சட்டம் மாப்ள’ என்பார்கள். உங்களைக் கேட்டால், ‘பம்பாய்ச் சட்டம் மச்சான், என் கையில என்ன இருக்கு’ என்பீர்கள். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. வெளியே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

இத்தனைக்கும் 2011-இல் மகேஷ்குமார் என்று ஒரு பையன், மேலத்தெருப் பெண்ணைக் கட்டியவன், என்னைப் போலவே மாப்பிள்ளை, அவனைக் கொடை ஆட்டத்தில் மூன்றாவதாக இறக்கினீர்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து காரணம் கேட்டேன். ‘அவரு லெப்ட் ஹேண்டு மச்சான்’ என்றீர்கள். சட்டத்தில் இடது கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மைதான் என்று நானும் போய் உட்கார்ந்து, அவன் எடுத்த முப்பத்தாறு ரன்னையும் எழுதினேன்.

நான் ஆடவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு நாள் ஆடியிருக்கிறேன். 1984 வைகாசி, கல்யாணமாகி நாங்கள் வந்த முதல் கொடை. சட்டம் அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது, புது மாப்பிள்ளை என்று நீங்களே கையைப் பிடித்து இழுத்துப் போய் மட்டையைக் கொடுத்தீர்கள். முதல் பந்தில் ஸ்டம்பு விழுந்தது. நடுவர் நேர்மையான மனிதர், யாரும் கேட்காமலே அது நோ-பால் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது பந்திலும் ஸ்டம்பு விழுந்தது, அதுவும் நோ-பால். உங்கள் ஊர்ப் பந்துவீச்சில் அந்தக் காலத்தில் ஒழுங்கு குறைவு. மூன்றாவது பந்து வரும்போது வெயில் நேராகக் கண்ணில் அடித்துவிட்டது. ஆனால் கூட்டத்துக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் நான் பார்த்ததில்லை. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள், கிழவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வில்லுப்பாட்டுக்கு வந்தவர் மைக்கைப் பிடித்து என் பெயரைச் சொல்லி, மாப்பிள்ளைக்கு இன்னொரு பந்து போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் நான்கு திசையும் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தே நாற்பது வருடம் நாற்காலியில் உட்கார முடிந்தது.

வரலாற்றுக்கு வருகிறேன். முதலில் தாராவியில் கழகத் தலைவர் வானமாமலை அண்ணாச்சியிடம் போனேன். அவருடைய மளிகைக் கடையில் எப்போது போனாலும் கூட்டம், உளுந்துக்கும் துவரைக்கும் நடுவில் நின்று, கழகத்தை ஆரம்பித்தது யார் என்று கேட்டேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “எங்கள எதுக்குக் கேக்கிய மாப்ள? நாங்க வெறும் கிளைதான. ஆரம்பிச்சவங்கள்லாம் ஊர்லல்லா இருப்பாவ” என்றார். கல்லாவைத் திறந்து ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்துக் காட்டினார். ‘செந்தட்டிவிளை இளைஞர் கிரிக்கெட் கழகம், பம்பாய்க் கிளை’ என்று இருந்தது. அதை என் உள்ளங்கையில் குத்தியும் காட்டினார், அழிய இரண்டு நாள் ஆயிற்று.

சரி, தலைமை ஊரில்தான் என்று முடிவு செய்து, நீங்கள் இத்தனை வருடத்தில் எனக்கு எழுதிய கடிதங்களில் ஏதாவது துப்பு கிடைக்கும் என்று பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். பெட்டியோடு பரண் பலகை வந்தது, பலகையோடு மருமகளின் இட்லிக் கொப்பரை வந்தது, கொப்பரை விழுந்த இடத்தில் ராஜகுமார் சார்ஜில் போட்டிருந்த அவனுடைய போன் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது, வரலாற்றுக்குச் சம்பந்தம் இல்லாததால் விடுகிறேன். பெட்டிக்குள் உங்கள் கடிதங்கள் முப்பத்தெட்டு இருந்தன. முப்பத்தெட்டும் கழகத்தின் அச்சடித்த தாளில் எழுதியவை. தாளின் தலைப்பை நான் இத்தனை வருடமும் வாசித்ததே இல்லை, எப்போதும் ‘அன்புள்ள மச்சான்’ என்ற இடத்திலிருந்துதான் வாசிப்பேன். அன்றைக்குத்தான் வாசித்தேன். ‘செந்தட்டிவிளை இளைஞர் கிரிக்கெட் கழகம், ஊர்க் கிளை’ என்று இருந்தது.

மச்சான், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பம்பாயில் இருப்பது கிளை, ஊரில் இருப்பதும் கிளை. மரம் எங்கே? இரண்டு கிளையும் ஐம்பது வருடமாக ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, மரம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒன்றுக்கொன்று மரியாதை செய்து வந்திருக்கின்றன. கொடைக்குக் கொடை நீங்கள் பம்பாய்க்காரர்களுக்கு ‘தலைமைக் கழகத்தார்’ என்று மாலை போட்டீர்கள், அவர்கள் ‘தலைமைக் கழகத்தாருக்கு’ என்று உங்களுக்குத் துண்டு போர்த்தினார்கள். நானும் அந்த மேடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன், ஒரு வருடம்கூட இது இடிக்கிறதே என்று தோன்றவில்லை. இதை உங்கள் தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

விசாரித்ததில், ஆதியில் இருந்த பதினோரு பேரில் இப்போது நடமாட்டத்தோடு இருப்பது தையல்கார கலீலுல்லா அண்ணன் ஒருவர்தான் என்றும், தாராவிக் கடையைக் கொடுத்துவிட்டு டோம்பிவிலியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றும் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். ஞாயிறு என்றால் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காகப் பாதி வண்டியை நிறுத்திவிடுவார்கள், ஓடுகிற வண்டியும் நினைத்த நேரத்துக்கு ஓடாது. எப்படியோ ஒன்றில் ஏறி, கவனமாக இருக்க வேண்டும் என்று தாணே ஸ்டேஷன் வந்ததுமே எழுந்து வாசலில் போய் நின்றேன். டோம்பிவிலியில் பிளாட்பாரம் எதிர்ப் பக்கம் வந்தது. எனக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் ஒரு கல்யாணக் கோஷ்டியே நின்றது. இறங்க வேண்டும் என்று ‘உத்தர்னா ஹை, உத்தர்னா ஹை’ எனக் கத்திப் பார்த்தேன், அவர்கள் எல்லோரும் கல்யாண் போகிறவர்கள், நானும் போனேன். கல்யாணிலிருந்து திரும்பி வந்து, ரிக்‌ஷாக்காரர் விட்ட இடத்திலிருந்து நான்கு கட்டடம் ஏறி இறங்கி, ஐந்தாவது கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அண்ணனைக் கண்டுபிடித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எழுபத்து மூன்று வயது, கண் மட்டும் கொஞ்சம் மங்கல். என் குரலைக் கேட்டதும், “யாரு, ஸ்கோரு மாப்ளயா? வாங்க, வாங்க” என்றார். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது என்றாலும், அவர் வாயால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் சொன்னதை நான் அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டி, சரிதான் என்று சொல்ல வைத்திருக்கிறேன். 1975-இல் நம் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் தாராவித் தோல் பட்டறைகளிலும் தையல் கடைகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட இடம் தேடியிருக்கிறார்கள். மைதானத்தில் இடம் ஒதுக்குகிற மராத்திக்காரர் சும்மா வருகிற பயல்களுக்குப் பிட்ச் கிடையாது, கிளப்பாக இருந்தால்தான் உண்டு என்று சொல்லி, உங்கள் மெயின் ஆபீஸ் எங்கே என்று கேட்டிருக்கிறார். “நாங்க பத்துப் பேரு ஒரு கோலியில, ஒத்த ரூம்ல படுத்துக் கெடக்கோம், ஆபீஸுக்கு எங்க போவ? காவ்ன் மே ஹைன்னு சொல்லிட்டோம் மாப்ள. ஊர்ல பெரிய கிளப்பு இருக்கு, நாங்க அதோட கிளைன்னு” என்றார் அண்ணன். மராத்திக்காரர் ஊருக்கு வந்தா பார்க்கப் போகிறார். பிட்ச் கிடைத்துவிட்டது.

ஊரில் அதே கோடையில் நடந்ததாக அண்ணன் பின்னால் ஒரு கொடையில் கேட்டுத் தெரிந்துகொண்டது என்னவென்றால், உங்கள் வயதுப் பையன்கள் கோயில் பொட்டலில் ஸ்டம்பு நட்டதைப் பார்த்துவிட்டு நாட்டாண்மை பிடுங்கிப் போட்டிருக்கிறார். பம்பாய்க்காரர்கள் கொடுக்கிற வரியில்தான் கொடையே நடக்கிறது, பம்பாய் என்றால் பெரியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று பையன்களுக்குத் தெரியும். பம்பாயில் நம் ஊர்க்காரர்கள் கழகம் வைத்திருக்கிறார்கள், அவர்கள் சொல்லித்தான் இங்கே கிளை வைத்திருக்கிறோம் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார்கள். பொட்டல் கிடைத்துவிட்டது. அதே தைரியத்தில், ‘ஊர்க் கிளை’ என்று தலைப்பு எழுதி, தலைமைக் கழகம் இரண்டு மட்டை அனுப்பி வைக்கவும் என்று தாராவிக்குக் கடிதமும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்துத் தாராவிக்காரர்கள், ஊரில் நிஜமாகவே கழகம் இருக்கிறது, நாம் சொன்னது பொய் இல்லை என்று ஆச்சரியப்பட்டு, மட்டை வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். மட்டை வந்ததைப் பார்த்து நீங்கள் எல்லோரும் அதே மாதிரி ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். உங்களுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். கடிதத்தை எழுதிய கை உங்களுடையதா என்று நான் கேட்கவில்லை, வரலாறு கேட்கிறது.

ஆக, கல்வெட்டுக்கு என்னால் பெயர் தர முடியவில்லை. ஒரு பொய் மும்பையில் பிறந்தது, ஒரு பொய் செந்தட்டிவிளையில் பிறந்தது, இரண்டும் தபாலில் சந்தித்து ஐம்பது வருடமாகக் குடும்பம் நடத்துகின்றன. எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், நினைக்க நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஆரம்பித்தவன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவன் பிள்ளைகள் இந்நேரம் உரிமை கொண்டாடிக் கழகத்தை இரண்டாக உடைத்திருப்பார்கள்.

எனக்குக் குறை வேறொன்றில். புறப்படும்போது கலீலுல்லா அண்ணன் ஒரு பழைய நீண்ட நோட்டைக் கொடுத்தார், கழகத்தின் முதல் தீர்மான நோட்டு. கல்யாண் வழியாக இல்லாமல் நேராகவே வீடு வந்தேன், வண்டியில் உட்கார இடமும் கிடைத்தது, மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 1984 ஜூன் 10-ஆம் தேதிக்கு நேராக இப்படி இருந்தது: ‘ஊரிலிருந்து வந்த தகவலின்படி, இனிமேல் மாப்பிள்ளைமார் ஆட்டத்தில் சேர்க்கப்பட மாட்டார்கள். மாப்பிள்ளைமார் ஸ்கோர் எழுதலாம்.’

அதற்கு முன்னால் ஒன்பது வருடப் பக்கங்களில் மாப்பிள்ளை என்ற சொல்லே இல்லை. அதற்குப் பின்னாலும் இல்லை. தாராவிக்காரர்கள் ஊரிலிருந்து வந்தது என்கிறார்கள். நீங்கள் 1986-இல் எனக்கு எழுதிய கடிதம் கையில் இருக்கிறது, அதில் பம்பாயில் போட்ட சட்டம் என்கிறீர்கள். கழகம் பிறந்தது போலவே சட்டமும் யாரும் போடாமல் பிறந்திருக்கிறது. யாரும் போடாத ஒரு சட்டத்துக்கு நான் என் இருபத்தைந்து வயதிலிருந்து அறுபத்தாறு வயதுவரை அடங்கி உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் புண்ணியவானோ ‘ஸ்கோர் எழுதலாம்’ என்று ஒரு வரி சேர்த்தானே, அந்த அளவுக்கு நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். இதையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். உங்கள் தங்கை தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போனாள். டிரம் நிறையத்தான் இருந்தது.

அதனால் மச்சான், பொன்விழா ஆசிரியர் என்ற முறையில் இரண்டு காரியம் நீங்கள் செய்து தர வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்ட ஆள் உயிரோடு இருந்தால் தேடிக் கண்டுபிடித்து, எதற்காகப் போட்டான் என்று கேட்டு எழுதுங்கள். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் நியாயஸ்தர், உங்களை விட்டால் இதற்கு வேறு ஆள் இல்லை. அடுத்தது, சட்டத்தை ரத்து செய்து பொன்விழா ஆட்டத்தில் பம்பாய்க்காரர்களின் பதினோரு பேரில் என் பெயரைப் போடுங்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் எழுதாத ஸ்கோர் புத்தகத்தில் என் பெயர் இருக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இப்போது இல்லை.

ஏற்பாடுகள் ஆரம்பித்துவிட்டேன். சயானில் வெள்ளைப் பேன்ட் எடுத்திருக்கிறேன். சாயங்காலம் சந்தில் பேத்தி பிளாஸ்டிக் பந்து போட நான் பயிற்சி எடுக்கிறேன். அவள், ‘தாத்தா, ஆங்க் கோல்கே கேலோ’ என்கிறாள். கண்ணைத் திறந்துதான் ஆடுகிறேன் என்று அவளுக்கு நிரூபிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பந்தை இறங்கி அடிக்கப் போனதில், பக்கத்து வீட்டு ஜுவைரியா கவிழ்த்த கூடைகள்மேல் காயப் போட்டிருந்த அப்பளத்தில் போய் விழுந்தேன். நாற்பது அப்பளம் போயிற்று, முழங்கால் வீங்கிற்று. ஜுவைரியா தங்கமான பெண், கோபப்படவில்லை. தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “மாமா, பேட்டத்தான வீசணும். நீங்க உங்களயே வீசுதீங்களே” என்று மட்டும் சொன்னாள். வைகாசிக்குள் முழங்கால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் கொடைக்கு மூன்று நாள் முன்னால் வந்துவிடுவோம். தங்கச்சிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டு அடுப்பும் ஊர்க் கிணறும் குறைவில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம். மழை பெய்தால் பிட்ச்சைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
பிரம்மநாயகம்,
ஸ்கோரர் (தற்காலிகம், 1984 முதல்).

பி.கு.: மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டேன். ஊருக்குப் போகிற கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் தங்கை ஒரு தடவை வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். வாசித்தாள். நோ-பால் இடம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“சட்டம் போட்ட ஆளத் தேடிக் குடுங்கன்னு எங்க அண்ணனுக்கா எழுதுதீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். “அண்ணந்தான் போட்டான். நாந்தான் போடச் சொன்னேன்” என்றாள்.

மச்சான், நீங்கள் நாற்பத்தொரு வருடம் காப்பாற்றி வைத்ததை அவள் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டாள். அன்று அந்தக் கூட்டம் சந்தோஷப்படவில்லையாம், சிரித்ததாம். நோ-பால் இரண்டும் மாப்பிள்ளைக்காகச் சொன்னதாம். மைக்கில் என் பெயரைச் சொன்னதும் கேலிக்குத்தானாம். கல்யாணமாகி மூன்று மாதம், பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் இவள் தலை குனிந்து நின்றிருக்கிறாள். “நீங்க நாலு பக்கமும் கும்பிட்டீங்க பாருங்க, அத நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆறல. எம் புருசனப் பாத்து இனி ஒருத்தி சிரிக்கப்பிடாதுன்னு அண்ணன்ட்ட அழுதேன். மைதானத்துக்கே போகப்பிடாதுன்னா நீங்க வாடிப் போவீங்க. அதான் ஸ்கோரு எழுதலாம்னு அதயும் சேக்கச் சொன்னேன்” என்றாள்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, கும்பிட்டுக்கொண்டு நிற்கிற அந்த இருபத்தைந்து வயதுப் பையனை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இடது கை விஷயமும் இப்போது விளங்கிவிட்டது, அதற்காக உங்களை நேரில் கவனித்துக்கொள்கிறேன். பேன்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். “எதுக்கு? அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல முக்காவாசிப் பேரு இப்ப இல்ல. நீங்க போய் ஆடுங்க. நான் முன்னால உக்காந்து பாக்கேன்” என்றாள்.

ஆகையால் மேலே கேட்டது எல்லாவற்றையும் அடித்துவிட்டு, இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் தேட வேண்டாம். இந்தக் கழகத்தின் ஐம்பது வருடத்தில் யார், எப்போது, எதற்காக என்ற மூன்றும் எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அந்தச் சட்டம்தான். அதை ரத்து செய்ய வேண்டாம், நோட்டில் அப்படியே இருக்கட்டும், ஒரு நாள் மட்டும் தளர்த்துங்கள். என்னைப் பதினோராவதாகப் போட்டால் போதும். நடுவராக யார் நின்றாலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முதல் இரண்டு பந்தும் நோ-பால்.